டிக்கியைத் தாங்கும் காற்று

ஜனவரி மாதம், ஊட்டி. காலை ஏழு மணி ஆகியிருக்கவில்லை. வீட்டின் முன்னால் இருந்த புல்தரை வெளுத்துக் கிடந்தது. காரின் கூரையிலும் உப்புப் பொடி தூவியதுபோல உறைபனி. முந்தின நாள் மாலை மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை கேரட்டும் நாலைந்து வர்க்கிப் பொட்டலங்களும் ஏற்ற வேண்டும். டிக்கியைத் தூக்கிவிட்டு மூட்டையை எடுக்கக் குனிந்தார். ஒரு கணம் நின்ற கதவு, பிறகு மெல்ல நழுவி, வேகம் பிடித்து, அவர் பிடரியில் வந்து இடித்தது. தலையில் கட்டியிருந்த மஃப்ளர் காப்பாற்றியது. இல்லாவிட்டால் தையல் போட வேண்டியிருந்திருக்கும்.

"நேத்து மதியம் கீழ நல்லா நின்னுச்சே!" என்றார் பிடரியைத் தேய்த்துக்கொண்டே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல காத்து மெலிசு தம்பி. அதான் ஷாக்கருக்குத் தம் பத்தல" என்றார்.

அவர் சொன்னதை நான் உடனே மறுக்கவில்லை. ஒரு மாற்றத்தைக் கவனித்து, அதற்கு ஒரு காரணம் சொல்லி, அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்க்கவும் இடம் கொடுத்திருக்கிறார். அறிவியல் இப்படித்தான் தொடங்கும். ஆனால் மலை ஏறும்போது உயரம் மட்டுமா மாறுகிறது? வெப்பம் மாறுகிறது, சாலையின் சாய்வு மாறுகிறது, காற்றின் ஈரம் மாறுகிறது. இவற்றில் எது அந்தக் கதவைக் கீழே இறக்கியது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

திறந்த டிக்கிக் கதவைத் தாங்கி நிற்கும் குழாய்க்கு மெக்கானிக் கடைகளில் டிக்கி ஷாக்கர் என்று பெயர். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, நாமும் அப்படியே அழைப்போம். ஆனால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஷாக் அப்சார்பரின் வேலை வேறு. சாலையின் குலுக்கலை அது விழுங்கி வெப்பமாக்கிவிடும். டிக்கி ஷாக்கர் விழுங்குவதில்லை. கதவை மூடும்போது நம் கை கொடுக்கும் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, திறக்கும்போது திருப்பித் தருகிறது. அதாவது அது ஒரு வில். எஃகுச் சுருளுக்குப் பதிலாக வாயுவை வைத்துச் செய்த வில்.

காற்றை வில்லாக நினைத்துப் பார்த்தவர் ராபர்ட் பாயில். 1660-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே காற்றின் வில்தன்மை என்ற சொல் இருக்கிறது. செம்மறியாட்டு மயிர்க் கற்றையைக் கையில் அமுக்கிப் பிடித்தால் அது விரலை எதிர்த்துத் தள்ளுமல்லவா, காற்றும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்குக் கணக்கும் கொடுத்தார்: வெப்பம் மாறாமல் ஒரு வாயுவைப் பாதி இடத்துக்குள் அடைத்தால் அதன் அழுத்தம் இரண்டு மடங்காகும். இந்த எண்ணம் காரின் பின்கதவுக்கு வந்து சேர முந்நூறு ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் இருக்கும் ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-இல் வாயு வில்லைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இன்று அலுவலக நாற்காலி உயர்வதும் தாழ்வதும், ஆம்னி வேனின் பின்கதவு தலைக்கு மேல் நிற்பதும் அதே வில்லால்தான். ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டாலும், காய்கறி மூட்டையோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆம்னி ஏறி இறங்காத சாலை நீலகிரியில் குறைவு. ஆகவே இங்கே ஷாக்கர் தளர்வது அன்றாடக் கவலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு எஃகுக் குழாய். ஒரு முனை அடைத்தது. மறு முனை வழியாகப் பளபளப்பான ஒரு கம்பி உள்ளே போய் வெளியே வரும். கம்பியின் உள்முனையில் ஒரு பிஸ்டன். கம்பி வெளியேறும் வாயில் ஒரு ரப்பர் சீல். குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் எண்ணெயும். சாதாரணக் காற்றையே அடைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. எண்ணெய்த் துளிகள் கலந்த காற்றை உயர் அழுத்தத்தில் சட்டென்று அமுக்கினால் டீசல் எஞ்சினில் நடப்பது இங்கேயும் நடந்துவிடலாம். காற்றில் ஈரமும் இருக்கிறது, உள்ளே துரு ஏறும். நைட்ரஜனுக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதான் என்பதால் விலையும் மலிவு.

இப்போது ஒரு புதிர். அந்தப் பிஸ்டன் குழாயை இறுக அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதில் ஒரு சிறு துளை இருக்கிறது. துளை வழியாக வாயு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகப் போய்வரும். ஆகவே பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் பிஸ்டன் அசையாமல் அல்லவா நிற்க வேண்டும்? கம்பி ஏன் வெளியே வருகிறது? மேலே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். இந்தக் கேள்வி முதல்முறை என்னை ஒரு முழு மாலை உட்கார வைத்தது.

விடை, கம்பியின் பருமனில் இருக்கிறது. அடைத்த முனையின் பக்கம் வாயு பிஸ்டனின் முகம் முழுவதையும் தொட்டுத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கத்தில் கம்பி ஒட்டியிருக்கும் வட்டத்தை வாயுவால் தொட முடியாது. தொட முடியாத இடத்தில் தள்ளவும் முடியாது. அந்தச் சிறிய வட்டத்தின் அளவுக்கு ஒரு பக்கத்துத் தள்ளல் ஈடுகட்டப்படாமல் மிஞ்சி, கம்பியை வெளியே அனுப்புகிறது. ஆகவே ஷாக்கரின் பலத்தை அறிய ஒரே பெருக்கல் போதும்: உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் பெருக்க வேண்டும். குழாய் எவ்வளவு பருமன் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எண்களைப் போடுவோம். குழாயின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் 400 என்று எழுதியிருந்தால், அது 20 டிகிரி வெப்பத்தில் 400 நியூட்டன் விசையோடு தள்ளும் என்று பொருள். ஏறத்தாழ 41 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம். கம்பி 8 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 50 சதுர மி.மீ. இவ்வளவு சிறிய பரப்பில் 400 நியூட்டன் கிடைக்க உள்ளே சுமார் 80 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 33 பவுண்டு, அதாவது 2.3 பார். டயரைப்போல முப்பத்தைந்து மடங்கு அழுத்தம், உங்கள் தலைக்குப் பக்கத்தில், விரல் பருமனுள்ள ஒரு குழாய்க்குள் இருக்கிறது. இந்த 80-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் கேள்விக்கும் அது வேண்டும், அத்தியாயத்தின் கடைசியிலும் வேண்டும்.

முதலில் உயரம். மலையில் காற்று மெலிந்திருக்கும் என்பது உண்மை. பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டதற்காக அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரான் பெரியே 1648 செப்டம்பரில் பிரான்சின் பியூய் தெ டோம் மலைமேல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு போனார். அடிவாரத்தில் நின்ற மட்டத்தைவிட உச்சியில் பாதரசம் ஏறக்குறைய மூன்று அங்குலம் இறங்கி நின்றது. நமக்குப் பாதரசம் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பர்லியாறு தாண்டிக் குன்னூர் வருவதற்குள் தலையணைபோல உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சுமார் 0.78 பார். தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும்.

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 0.2 பார். சிப்ஸ் பாக்கெட்டுக்கு இது பெரிய மாற்றம். அதன் உள்ளே இருப்பதே 1 பார்தான். ஷாக்கரின் உள்ளே இருப்பது 80 பார். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளிக்காற்று கம்பியின் முனையை உள்ளே தள்ளுகிறது. வெளிக்காற்று மெலிந்தால் அந்த எதிர்ப்புக் குறைகிறது. அப்படியானால் ஷாக்கர் மலையில் கூடுதலாக அல்லவா தள்ள வேண்டும்? ஆமாம், கூடுதலாகத்தான் தள்ளுகிறது. எவ்வளவு? 0.2 பாரை 50 சதுர மி.மீ. பரப்பால் பெருக்கினால் 1 நியூட்டன். நூறு கிராம் டீத்தூள் பாக்கெட்டின் எடை. சித்தப்பா சொன்ன காரணம் கதவை இறக்கவில்லை. மிகச் சிறிய அளவில் கதவைத் தாங்கவே உதவியிருக்கிறது.

அடுத்தது குளிர். வாயு சூடானால் அதன் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும் என்பதை பிரான்சில் அமோந்தோன், சார்ல், கே-லூசாக் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக நூறு ஆண்டுக் காலத்தில் அளந்து சொன்னார்கள். கே-லூசாக் தம் அளவைகளை வெளியிட்டது 1802-இல். இதில் நாம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நம் தெர்மாமீட்டரில் 30 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறங்குவது, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதுபோலத் தோன்றும். வாயுவின் கணக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை. மூலக்கூறுகளின் ஓட்டம் அடங்கக்கூடிய கடைசிப் புள்ளியான மைனஸ் 273 டிகிரியிலிருந்து அது தொடங்குகிறது. அந்த அளவுகோலில் மேட்டுப்பாளையத்து மதியம் 303, ஊட்டியின் உறைபனிக் காலை 276. குறைவது ஒன்பது விழுக்காடு.

ஒன்பது விழுக்காடு சின்ன எண்ணாகத் தெரியலாம். 20 டிகிரியில் 400 நியூட்டன் தரும் ஷாக்கர், 30 டிகிரியில் 414 தரும், 3 டிகிரியில் 377 தரும். வித்தியாசம் 37 நியூட்டன். உயரம் கொடுத்தது 1, குளிர் எடுத்துக்கொண்டது 37. இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு வரும் கேள்விகள் அன்றாட வாழ்க்கையில் அரிது.

ஆனால் தீர்ப்பு இன்னும் முழுமையாகவில்லை. குளிர் எல்லாக் கார்களுக்கும்தான். ஊட்டியில் ஓடும் புதிய கார்களின் டிக்கி ஜனவரியிலும் நிற்கிறதே? இதற்குக் கதவின் எடையையும் ஷாக்கரின் பலத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: கதவு 16 கிலோ. அதன் எடை மையம் கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. முழுக்கத் திறந்தால் கதவு படுக்கை மட்டத்துக்கு 20 டிகிரி மேலே நிற்கிறது. அப்போது கதவின் எடை கீலைச் சுற்றிக் கீழ்நோக்கித் திருப்பும் முறுக்கு சுமார் 74 நியூட்டன் மீட்டர். இரண்டு ஷாக்கர்கள் கீலிலிருந்து 11 செ.மீ. நெம்புதூரத்தில் எதிர்த்துத் தள்ளுகின்றன. சமன் ஆக ஒவ்வொன்றும் 335 நியூட்டன் தர வேண்டும். அதற்கு ஒரு நியூட்டன் கூடினால் கதவு நிற்கும், குறைந்தால் இறங்கும்.

புதிய ஜோடி 3 டிகிரியிலும் 377 தருகிறது. போதும், மிச்சமும் இருக்கிறது. ஏழெட்டு ஆண்டு உழைத்து, 400-இல் அறுபதை இழந்து 340-க்கு வந்துவிட்ட ஜோடியை எடுங்கள். மேட்டுப்பாளையத்து மதியத்தில் அது 352 தரும். கதவு நிற்கும். ஊட்டிக் காலையில் 320 மட்டுமே தரும். கதவு விழும். இந்தக் கணக்கில் எல்லை சுமார் 16 டிகிரி. அதற்கு மேலே பழுதில்லாத ஷாக்கர், அதற்குக் கீழே பழுதான ஷாக்கர். சமவெளியில் ஓடும் காரில் அந்த எல்லை ஆண்டு முழுவதும் தலைகாட்டாமலே இருந்துவிடலாம். மலைக்கு வந்த முதல் இரவிலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே குளிர் ஷாக்கரைக் கெடுப்பதில்லை, ஏற்கெனவே கெட்டிருப்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பது என் முடிவு.

கணக்கை மட்டும் நம்பி நான் இதைச் சொல்லவில்லை. அன்று காலையே பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்தோம். கை பொறுக்கும் சூடுதான். இரண்டு துண்டுகளை நனைத்துப் பிழிந்து, இரண்டு குழாய்களையும் சுற்றிக் கட்டினோம். பத்து நிமிடம் மாற்றி மாற்றி நனைத்தபின் டிக்கியைத் தூக்கிவிட்டுச் சித்தப்பா இரண்டு அடி தள்ளி நின்றார். நின்றது. அதே உயரம், அதே மெலிந்த காற்று, அதே கார். மாறியது வெப்பம் ஒன்றே. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை அசையாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை இரண்டு துண்டும் ஒரு பக்கெட் தண்ணீரும் கற்றுக்கொடுத்தன. (கொதிநீரும் நெருப்பும் இந்தச் சோதனைக்குக் கூடவே கூடாது. ஏன் என்பது கடைசியில் வரும்.)

இன்னொரு சோதனையைச் சில நாள் கழித்துக் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செய்தேன். பச்சை இலை எடை போடும் கொட்டகையில் ஒரு மேடைத் தராசு இருந்தது. கழற்றிய பழைய ஷாக்கரைக் கம்பி கீழே இருக்கும்படி நிறுத்தி, தராசின்மேல் செங்குத்தாக அமுக்கினேன். கம்பி உள்ளே போகத் தொடங்கியபோது முள் 36 கிலோவில் நின்றது. புதியதை அமுக்கியபோது 43. ரப்பர் சீலின் உராய்வு இரண்டு எண்ணிலும் இரண்டு கிலோ அளவுக்குக் கலந்திருக்கும். கதவு விழுவதற்கு முன் ஒரு கணம் தயங்கி நின்றதே, அதற்கும் அந்த உராய்வுதான் காரணம். இலை எடை போட வந்திருந்த அக்கா ஒருவர், "அந்தக் குட்டிக் கம்பியா எங்க கூடை ரெண்டு சேர்ந்த கனத்தைத் தாங்குது?" என்று கேட்டு, தானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

நீலகிரிக் குளிருக்கு இன்னொரு குணம் உண்டு. உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்பது பொதுவிதி. ஆனால் உறைபனிக் காலத்து இரவுகளில் இது தலைகீழாகும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெளுப்பதும், பள்ளத்துத் தேயிலை கருகி மேட்டுத் தேயிலை தப்பிப்பதும் இதனால்தான். தோட்டக்காரர்கள் இதைத் தலைமுறைகளாக அறிவார்கள். பள்ளத்தில் நிறுத்திய காரின் ஷாக்கரும் மேட்டில் நிறுத்திய காரின் ஷாக்கரைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து கிடக்கும்.

சாய்வுக்கு வருவோம். இது பலரும் கவனிக்காதது. ஷாக்கரின் இரண்டு முனையும் காரிலேயே மாட்டியிருப்பதால், கார் எப்படிச் சாய்ந்தாலும் அதன் நெம்புதூரம் மாறாது. கதவின் எடை மட்டும் எப்போதும் பூமியை நோக்கியே இழுக்கும். கார் மேட்டைப் பார்த்து நின்றால் பின்பக்கம் தாழ்ந்து, திறந்த கதவு படுக்கை மட்டத்தை நெருங்கும். எடையின் பிடி வலுக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் கதவு இன்னும் நிமிர்ந்து நிற்கும். பிடி தளரும். நீலகிரி மலை ரயில் பற்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் இடத்தில் சாய்வு 12-க்கு 1. ஏறத்தாழ 4.8 டிகிரி. தோட்டத்துச் சாலைகளில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. 10 டிகிரிச் சாய்வில் நம் மாதிரிக் கதவின் முறுக்கு, மேட்டைப் பார்த்து நின்றால் 77 ஆகிறது, பள்ளத்தைப் பார்த்து நின்றால் 68 ஆகிறது. பழைய ஷாக்கர் ஜோடி குளிரில் தருவது 70. அதாவது அதே கார், அதே குளிரில், திருப்பி நிறுத்தினால் கதவு நின்றுவிடும். ஷாக்கரை மாற்றும் வரைக்கும் இதை ஒரு கைவைத்தியமாக வைத்துக்கொள்ளலாம். ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ஏழெட்டு ஆண்டில் அந்த அறுபது நியூட்டன் எங்கே போனது? பெரும்பகுதி சீல் வழியாகத்தான். ரப்பர் நம் கண்ணுக்குத்தான் இறுக்கமானது. சைக்கிளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் ஓட்டை இல்லாத டியூபிலும் காற்று இறங்கிவிடுகிறதே, அதேபோல நைட்ரஜன் மூலக்கூறுகள் சீலுக்குள் மெல்ல ஊடுருவிக் கசிகின்றன. கம்பியில் கீறலோ துருவோ விழுந்துவிட்டால் மெல்ல என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தச் சொரசொரப்பு சீலை அரம்போல ராவும். பனிமூட்டமும் மழையும் மாறிமாறி வரும் மலையில் இதற்கு வாய்ப்பு அதிகம். கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் காத்திருப்பதில் பயனில்லை.

மாற்றும் வேலை எளிது. அரை மணி நேரம் போதும். ஆனால் இரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் அளவாக வெட்டிய உறுதியான ஒரு கட்டை வேண்டும். கார் சமதரையில் நிற்கட்டும். டிக்கியைத் தூக்கி முட்டுக் கொடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பெரும்பாலான கார்களில் ஷாக்கரின் முனை, ஒரு குண்டுமணியைக் கவ்விய கிண்ணம்போல இருக்கும். கிண்ணத்தின் முதுகில் ஒரு கம்பிக் கிளிப். தட்டை ஸ்குரூ டிரைவரால் கிளிப்பைக் கொஞ்சம் நெம்பித் தூக்கினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. கிண்ணத்தை நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் கழற்றி, அங்கே புதியதை மாட்டிய பிறகுதான் மறுபக்கம். புதியதை மாட்டும்போது கிண்ணம் குண்டின்மேல் டக்கென்று உட்கார வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் மாட்டவில்லை என்று கொள்ளுங்கள்.

எது மேலே, எது கீழே என்பதில் அலட்சியம் வேண்டாம். வழக்கமாகக் கம்பி கீழே, குழாய் மேலே. உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின்மேல் தேங்கி நின்று அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கதவு முழுக்கத் திறக்கும் கடைசி நொடியில் பிஸ்டன் அந்த எண்ணெய்க்குள் நுழைவதால்தான் கதவு இடிக்காமல் மெத்தென்று நிற்கிறது. தலைகீழாக மாட்டினால் சீல் காயும், கதவும் இடிக்கும். பழையது எப்படி இருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை ஒருபோதும் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். அந்தக் கடிதடம் ஒன்றே புதிய ஷாக்கரின் ஆயுளைப் பாதியாக்கிவிடும்.

இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றால் கதவு ஒரு பக்கம் முறுக்கி, நாளடைவில் கீல் தேயும். மலைக்குப் போகிற கார், ஆகவே பலம் கூடுதலான ஷாக்கர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கார் தயாரித்தவர் குறித்த பலத்தில் புதியது உறைபனியையும் சாய்வையும் தாங்கும் என்பதை மேலே கணக்கிலேயே பார்த்தோம். கூடுதல் பலம் கதவின் தகட்டையும் கீலையும் வளைக்கும். மதிய வெயிலில் கதவை மூடக் குழந்தையும் வயதானவரும் திணறுவார்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும் ஷாக்கரும் வேண்டாம். குழாயில் துளை போட்டு மறுபடி வாயு அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய ஜோடி. இதற்காகவே அந்த 80 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேன். கதவைத் தாங்க முடியாத ஷாக்கர் செத்துப்போன ஷாக்கர் அல்ல. 400-இல் 340 மிச்சம் இருக்கிறது என்றால் உள்ளே இன்னும் 68 பார் இருக்கிறது. அதை அறுக்கவோ, சுத்தியலால் அடிக்கவோ, துளைக்கவோ கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க நாம் பேசிய அதே விதி நெருப்பில் எதிர்த்திசையில் வேலை செய்யும். 600 டிகிரி நெருப்பில் அந்த வாயு மூன்று மடங்கு அழுத்தத்துக்குப் போகும். அதே நேரத்தில் சீல் கருகிப்போகும். கம்பி, விட்ட அம்புபோலப் பாயும். எரியும் காரை அணைக்கப் போகும் தீயணைப்பு வீரர்கள் டிக்கிக்கும் பானெட்டுக்கும் நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்பது இதற்காகத்தான்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் ஊர்களில் கடை வாசலிலும் ஸ்டாண்டிலும் கையில் கிடைத்ததைப் போட்டு நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறோம். குழந்தைகளும் அங்கே உட்காருகிறார்கள். பழைய ஷாக்கரை அந்தப் பக்கம் போட்டுவிடாதீர்கள். கழற்றியதுமே உள்ளே வாயு இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குழாயில் ஒட்டி, அதைப் பாதுகாப்பாகத் திறக்கத் தெரிந்த ஒர்க்ஷாப்பில் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.